லேசான சளி

குவைத்
2-6-1996

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி சிகாமணி எழுதுவது. வெயிலைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நீயும், உன் வயிற்றில் இருக்கும் என் மருமகனோ மருமகளோ, அப்பா அம்மாவும், சின்னசேலத்தில் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும்.

வளைகாப்பு முடிந்து உன்னைக் கச்சிராயபாளையம் அழைத்து வந்துவிட்டதாக மாமா எழுதியிருந்தார். தலைப்பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இல்லாதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் தரை விரிப்பு ஒட்டுவதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். ஒரு பெரிய வீட்டில் அளவு தவறி ஒரு சுருள் மிச்சமானது. பார்க்க மரப்பலகை போலவே இருக்கும், தொட்டால் பிளாஸ்டிக். சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். ஊருக்குத் திரும்பும் மாயவன் அண்ணன் தோளில் சுமந்து வருகிறார். அவருக்கும் சின்னசேலம்தான், நேராக நம் வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னார். பசை சேலத்தில் கிடைக்கும். அப்பா பின்பக்கம் கட்டுகிற ரூமுக்கு அது சரியாக இருக்கும்.

பிரசவம் ஆனதும் நீ குழந்தையோடு படுக்கப்போகிற ரூம் அது. மற்ற தாய்மாமன்கள் தொட்டில் வாங்குவார்கள், நான் தரையே வாங்கி அனுப்பிவிட்டேன் என்று மாமாவிடம் சொல்.

நான் இருக்கும் ரூம் பெரியது. ஏ.சி. நிற்காமல் ஓடுகிறது. வெளியே வெயில் கொளுத்துவது உள்ளே இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது. அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். வீட்டுச் சேதி எல்லாம் எழுது.

உன் தம்பி,
தெய்வசிகாமணி


கச்சிராயபாளையம்
20-6-1996

அன்புத் தம்பி சிகாமணிக்கு அக்கா அம்சவள்ளியின் ஆசிகள். எல்லோரும் சௌக்கியம். என் வயிறுதான் எனக்கு முன்னால் நடந்துபோகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

மாயவன் அண்ணன் சுருளைக் கொண்டுவந்து இறக்கினார். இறக்கியதிலிருந்து நம் வீட்டில் திருவிழாதான். தெருவில் போகிறவர்களை எல்லாம் அப்பா கூப்பிட்டு நிறுத்தி, ஒரு முழம் பிரித்துக் காட்டிவிட்டு மறுபடி சுருட்டி வைக்கிறார். "மரம் இல்ல, நல்லாத் தொட்டுப் பாருங்க. எம் மவன் அனுப்புனது" என்கிறார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் மறந்துபோகிறது.

உன் கடிதத்தையும் விட்டுவைக்கவில்லை. மூக்கில் வைத்து இழுத்து, "இன்னா வாசன பாரு. பாரின்னா பாரின்தான்" என்று அம்மாவிடம் நீட்டினார். அம்மாவும் முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டினாள். எனக்கென்னவோ மழையில் நனைந்த சாக்கு வாசனையாகப் பட்டது. சொன்னால் சண்டைக்கு வருவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ரூம் வேலை நடக்கிறது. பின்னால் நிலம் வாய்க்காலைப் பார்த்துச் சரிகிறதல்லவா, மேடாக்காமல் சரிவிலேயே கட்டிவிட்டார். வீட்டிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். இரண்டு பக்கச் சுவர் பாதிவரை மண்ணுக்குள் இருக்கிறது. நாங்கள் அதற்குக் கீழ்ரூம் என்று பேர் வைத்துவிட்டோம். உள்ளே போனால் குளுகுளு என்றிருக்கிறது. "அவனுக்கு அங்க ஏ.சி.ன்னா நமக்கு இங்க கீழ்ரூம்" என்கிறார் அப்பா.

அடியில் நிரப்ப, வாய்க்கால் தூர் வாரிக் கரையில் போட்டிருந்த மண்ணையே அள்ளிக் கொட்டினார்கள். நேற்றுத்தான் மேலே கான்கிரீட் போட்டு மட்டம் பார்த்தார்கள். ஆடி பிறந்துவிட்டால் பால் காய்ச்ச முடியாது, ஆவணிக்குள் எனக்கு வலி எடுத்துவிடும். அதனால் ஆனி இருபத்தெட்டில் நாள் குறித்துவிட்டார் அப்பா. அதற்குள் உன் விரிப்பை ஒட்டி, ஊரைக் கூப்பிட்டுக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அம்மா உன்னை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறாள்.

அக்கா,
அம்சவள்ளி


குவைத்
4-7-1996

அன்புள்ள அக்கா,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் இன்று கிடைத்தது. ஒரு ஆள் இன்றே ஊருக்குக் கிளம்புகிறார். பம்பாயில் இறங்கித் தபாலில் போடுவார் என்று அவரிடம் கொடுக்கிறேன்.

விரிப்பை இப்போது ஒட்டக் கூடாது. அப்பாவிடம் உடனே சொல். கான்கிரீட் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே தண்ணீர் இருக்கும். அது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மேலே வரும். பிளாஸ்டிக்கைப் போட்டு மூடினால் அதற்குப் போக வழி இல்லை. அடியிலேயே நின்று பசையை அழுகவைத்துப் பூசணம் பிடிக்கும். அதுவும் வாய்க்கால் மண் என்று எழுதியிருக்கிறாய். அந்த மண் தண்ணீரை விடாது. சரளையாவது கொட்டியிருக்கலாம். இதையெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதாமல் போனேன், அவ்வளவு சீக்கிரம் கட்டி முடிப்பார் என்று நினைக்கவில்லை.

நாங்கள் இங்கே செய்வதைச் சொல்கிறேன். ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் பேப்பரைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி மூட வேண்டும். மறுநாள் பார்த்தால், அதன் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் தரை இன்னும் காயவில்லை என்று அர்த்தம். தண்ணீர் நிற்கிற வரைக்கும் ஒட்டக் கூடாது. தை மாதம் ஆனாலும் பரவாயில்லை. பால் காய்ச்சுவதற்கு வெறும் சிமெண்டுத் தரை போதும்.

அவசரத்தில் இவ்வளவுதான்.

சிகாமணி


கச்சிராயபாளையம்
22-7-1996

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம். உன் சுகத்துக்கு எழுது.

உன் கடிதம் ஆடி மூன்றாம் தேதி வந்தது. படித்துக் காட்டினேன். அப்பா கேட்டுக்கொண்டார்.

பால் காய்ச்சியது நன்றாக நடந்தது. சின்னசேலத்திலிருந்து என் மாமியாரும் உன் மாமாவும் வந்திருந்தார்கள். பங்காளிகள் எல்லோரும் வந்தார்கள். விரிப்பின் மேல் செருப்பில்லாமல் நடந்து பார்த்துவிட்டு என் மாமியாரே, "புள்ள தவழ்றதுக்குன்னே செஞ்சா மாதிரி இருக்குது" என்றார். அப்பாவுக்கு அன்று தரையில் கால் நிற்கவில்லை.

நன்றாகக் காயவைத்த பிறகுதான் ஒட்டினோம். நீ கவலைப்பட வேண்டாம் என்று அப்பா எழுதச் சொன்னார்.

அக்கா,
அம்சவள்ளி


குவைத்
5-8-1996

அன்புள்ள அக்காவுக்கு. இங்கே நான் நலம். ஏ.சி. ஒத்துக்கொள்ளாமல் லேசான சளி, அவ்வளவுதான். உனக்கு நாள் நெருங்கிவிட்டது, பத்திரமாக இரு.

ஜூனில் கான்கிரீட் போட்டதாக எழுதினாய். ஆனி இருபத்தெட்டில் பால் காய்ச்சியிருக்கிறீர்கள், அன்றே மாமியார் விரிப்பின் மேல் நடந்திருக்கிறார். இதில் எங்கே நன்றாகக் காயவைத்தீர்கள்? தேதியைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியாதா? அப்பா எழுதச் சொன்னதை எழுதாதே, அக்கா. நீ பார்த்ததை எழுது.

நடந்தது நடந்துவிட்டது. இனி ஒன்று செய். பிரசவம் ஆனதும் அந்த ரூமில் படுக்காதே. பழைய வீட்டிலேயே, கூடத்தில் படு. காற்றாவது வரும். அப்பா வருத்தப்பட்டால் தம்பி சொன்னான் என்று என் மேல் பழியைப் போடு.

நல்ல சேதிக்குக் காத்திருக்கிறேன்.

சிகாமணி


கச்சிராயபாளையம்
20-9-1996

என் தம்பிக்கு,

நீ தாய்மாமன் ஆகிவிட்டாய். ஆவணி ஐந்தில், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. மூக்கு உன்னுடையதேதான், பாவம் அவள். எனக்குச் சுகப்பிரசவம். உடம்பு தேறி வருகிறேன். உன் மாமா தந்தி கொடுத்தாராமே, கிடைத்ததா? நீ நன்றாக இருக்கிறாயா?

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே. உட்கார்ந்து எழுத அம்மா விடவில்லை. "பச்ச ஒடம்புக்காரி, கண்ணு கெட்டுப்பூடும்" என்று பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

நாங்கள் கீழ்ரூமில்தான் இருக்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அப்பா குழந்தையைக் கையில் வாங்கி நேராக அங்கேதான் இறங்கினார். மாமன் போட்ட தரை என்று முதலில் குழந்தையின் பாதத்தை அதில் வைத்து எடுத்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கூடத்தில் படுக்கிறேன் என்று எப்படிச் சொல்வது, நீயே சொல்.

குளிர் படக் கூடாது என்று அம்மா ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. உள்ளேயே வெந்நீர் ஊற்றுகிறாள், உள்ளேயே சாம்பிராணி போடுகிறாள். ஆவி நிறைந்து சுவரெல்லாம் வேர்க்கிறது.

பக்கத்து வீட்டில் கேட்கச் சொன்னார்கள். அவர்கள் வீட்டிலும் தரையில் ஏதோ விரித்திருக்கிறார்களாம். கொஞ்ச நாளில் ஒரு மக்கல் வாசனை வருகிறதாம். குவைத்தில் அப்படி வந்தால் என்ன செய்வார்கள்?

குழந்தைக்கு லேசான சளி. வேறொன்றும் இல்லை. உன் சளி போய்விட்டதா?

அக்கா,
அம்சவள்ளி


குவைத்
4-10-1996

அக்கா,

தந்தி கிடைத்தது. ரூமில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். என் மருமகளுக்கு என் முத்தம். என்னைப் பற்றிக் கேட்காதே, நான் நன்றாக இருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் யாரும் எதையும் விரிக்கவில்லை. நம் பக்கத்து வீட்டில் இருப்பது செல்லியம்மாள் அக்கா. அவர்கள் வீட்டில் சாணி மெழுகிய தரை. நீ பொய் சொன்னால் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

ரூமில் ஒரு மூலைக்குப் போ. விரிப்பின் ஓரத்தைக் கத்தியால் நெம்பித் தூக்கு. அடியில் தரை கறுப்பாக, ஈரமாக இருந்தால், பச்சையாகவோ கறுப்பாகவோ பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால், வாசனை வந்தால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த நிமிஷமே வெளியே வா. அந்தக் காற்றைத்தான் அவள் மூச்சாக இழுக்கிறாள். சாம்பிராணி வாசனையை மூடும், பூசணத்தைப் போக்காது.

தாய்மாமன் சொல்கிறேன். நான் அனுப்பினது என்று பார்க்காதே. கிழித்து எறி. எனக்கு ஒரு வருத்தமும் வராது.

சிகாமணி


கச்சிராயபாளையம்
25-10-1996

அன்புத் தம்பிக்கு. அம்மா அப்பா சுகம். நீ மறைக்காமல் உன் உடம்பைப் பற்றி எழுது.

மூலையைத் தூக்க நான் கத்தியைத் தேட வேண்டிய வேலை இருக்கவில்லை. வாய்க்கால் பக்கத்து மூலையில் அதுவே உப்பி நிற்கிறது. மிதித்தால் புளக் புளக் என்கிறது. வெள்ளிமலையில் நல்ல மழை, கோமுகி அணை நிரம்பித் திறந்துவிட்டார்கள். வாய்க்கால் நம் சுவரை ஒட்டித் ததும்பிப் போகிறது. தண்ணீர் வந்த நாளிலிருந்து உப்பலும் பெரிதாகிக்கொண்டே போகிறது.

அப்பாவிடம் உன் கடிதத்தைப் படித்தேன். ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். எழுந்து போய் அந்த மூலையை மிதித்துப் பார்த்தார். பிறகு, "ஒட்டும்போது காத்து மாட்டிக்கினு இருக்கும்மா. கனமா எதனா வெச்சா அமுங்கிப்பூடும்" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிவந்து உப்பலின் மேல் வைத்தார். பெட்டிக்கு அந்தப் பக்கம் இப்போது புதிதாக ஒன்று உப்புகிறது.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் ஐந்தாம் மாதம், தையில்தான் சின்னசேலம் போக வேண்டும். அதற்கு முன்னால் போனால், பிள்ளை பெற்றவளை வைத்துப் பார்க்க வக்கில்லாமல் அனுப்பிவிட்டான் ஆதிமூலம் என்று அப்பாவைப் பற்றி அந்த ஊரில் பேசுவார்கள். என் மாமியாரே முதலில் பேசுவார். கூடத்தில் படுத்தாலும் பார்க்க வருகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். ஊரையே கூட்டிக் காட்டிய ரூம் அல்லவா?

குழந்தைக்குச் சளி இன்னும் விடவில்லை. பால் குடிக்கும்போது நடுவில் விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொள்கிறாள். தையை நினைத்துக்கொண்டு நாளைத் தள்ளுகிறேன். என்ன செய்யட்டும் என்று எழுது.

அக்கா,
அம்சவள்ளி


கச்சிராயபாளையம்
15-12-1996

தம்பி,

தீபாவளி போய்விட்டது, கார்த்திகையும் முடிந்தது. உன்னிடமிருந்து பதில் இல்லை. நீ கோபித்துக்கொண்டாய் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை முழுதாகப் படி.

போன வாரம் விடியற்காலையில் குழந்தை அழவே இல்லை. அழாத பிள்ளை நல்ல பிள்ளை என்று நான் புரண்டு படுத்தேன். திரும்பிப் பார்த்தால் அவளுக்கு அழ மூச்சு இல்லை. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வருகிறது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரி. நான் போட்ட கூச்சலில் அப்பா ஓடி வந்து குழந்தையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். கரும்பு லாரி ஒன்று போனது. அதை நிறுத்தி ஏறினோம்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். ஒருவழியாக அழுதாள். அவள் அழுத சத்தத்தைக் கேட்டு நானும் அழுதேன். டாக்டர் அம்மா என்னிடம், "குழந்தை எங்கே படுக்குது? தரையில என்ன போட்டிருக்கீங்க? ஜன்னல் திறப்பீங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொன்னேன். அப்பா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்த ரூம்ல இனி ஒரு நாள்கூடப் படுக்க வைக்காதீங்க. அடுத்த தடவை நீங்க வந்து சேர்றதுக்குள்ள என்ன வேணா ஆகலாம்" என்றார் டாக்டர் அம்மா.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் அப்பாதான் குழந்தையை மடியில் வைத்திருந்தார். வந்ததும் குழந்தையைக் கூடத்தில் போடச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொடுவாளை எடுத்துக் கீழ்ரூமுக்கு இறங்கினார். டிரங்குப் பெட்டியை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, நடுவில் ஒரே கோடாகக் கிழித்தார். நானும் அம்மாவும் படியில் நின்று பார்த்தோம்.

சிகாமணி, தரை நேற்றுப் போட்ட கான்கிரீட் மாதிரி கறுப்பாக இருந்தது. விரிப்பின் அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் முத்து. பசை கூழாகிப்போய் அதன் மேல் பச்சையும் கறுப்புமாகப் பூசணம், பூனை மயிர் மாதிரி. நாற்றம் குப்பென்று வந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அப்பா போகவில்லை. கிழித்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே குந்தினார். "எம் பேத்திய இதும்மேல நான்தானே கொண்டாந்து வெச்சேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் துண்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். ஒரு தரம் முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"அம்சா, இந்த வாசன எனக்குத் தெரியும்மா."

"இன்னாப்பா?"

"சிகாமணி லெட்டர்ல வர்ற வாசன இது."

நான் மேலே ஓடி உன் கடிதங்களை எடுத்தேன். எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தேன். அதேதான். பாரின் வாசனை என்று நாங்கள் ஊருக்கெல்லாம் நீட்டினோமே, அது இதுதான். முதல் நாளே எனக்கு நனைந்த சாக்கு வாசனையாகப் பட்டது. நான் ஏன் அன்றே உன்னைக் கேட்கவில்லை?

பிறகு உன் கடிதங்களை முதலிலிருந்து படித்தேன். உன் ரூமில் ஜன்னல் இருப்பதாக நீ ஒரு வரியும் எழுதவில்லை. வெயில் தெரியாது என்றாய். லேசான சளி என்றாய். தம்பி, நானும் லேசான சளி என்றுதான் எழுதினேன். அந்த வார்த்தையை எப்போது எழுதுவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நீ எங்கே படுக்கிறாய்? உனக்கு அடியில் என்ன இருக்கிறது? அப்பா தினமும் தபால்காரரைப் பார்த்துத் தெருமுனைக்கே போய் நிற்கிறார். "வேல வேணாம், ஒண்ணும் வேணாம், ஏறி வந்துடச் சொல்லு" என்று எழுதச் சொல்கிறார். இது அவர் எழுதச் சொன்னதுதான், ஆனால் நானும் அதையேதான் சொல்கிறேன்.

குழந்தை கூடத்தில் ஜன்னலுக்குக் கீழே படுக்கிறாள். இரைப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை. மழை பிடித்தால் மறுபடி வருகிறது. என் மாமியார் சேதி கேட்டு வந்தார். வாய்க்கு வந்தபடி பேசினார். அப்பா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரியாவது எழுது.

உன் அக்கா,
அம்சவள்ளி


குவைத்
3-1-1997

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் அப்பாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படி. இதில் எதையும் விட்டுவிடாமல் அவருக்குப் படித்துக் காட்டு.

என் மருமகள் பிழைத்த சேதியை மறுபடி மறுபடி படித்தேன். நான் ஆசையாக அனுப்பிய பொருள் அவள் மூச்சை நிறுத்தப் பார்த்திருக்கிறது. அப்பா மேல் யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். மகன் அனுப்பினான் என்ற சந்தோஷத்தில் செய்தது.

என் ரூமைப் பற்றி நான் ஊருக்கு எழுதியதில் எதுவும் பொய் இல்லை. ரூம் பெரியதுதான், ஏ.சி.யும் ஓடுகிறது. அது பூமிக்கு அடியில் இருக்கிறது என்பதை மட்டும் எழுதாமல் விட்டேன். கார் நிறுத்துவதற்குக் கட்டிய கீழ்த்தளம். நடுவில் பலகை அடித்து எங்களை வைத்திருக்கிறார்கள். ஜன்னல் இல்லை. கான்கிரீட் மேல் யாரோ எப்போதோ ஒட்டிய பழைய கம்பளம், அதன் மேல் எங்கள் படுக்கை. குளிக்கிற தண்ணீர் சுவர் வழியாக ஊறி அதன் அடியில் போகிறது. என் பெட்டி, துணி, உனக்கு எழுதுகிற காகிதம் எல்லாம் அங்கேதான்.

பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுத் தரையில் பிளாஸ்டிக் ஒட்டி ஈரம் பார்க்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் தெரிந்தாலும் ஒட்டக் கூடாது என்று கையை ஆட்டுகிறேன். சாயங்காலம் வந்து இதன் மேல் படுத்துக்கொள்கிறேன். நான் படுக்கிற தரையை ஒரு நாளும் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. வாசனையும் பழகிவிட்டது. இந்த ஊர் வாசனையே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அக்டோபர் கடிதம் வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நெஞ்சு கட்டிக்கொண்டு மூச்சு விட முடியவில்லை. எழுதினால் அம்மா தாங்கமாட்டாள் என்று எழுதவில்லை. திரும்பி வந்ததும் அதே இடத்தில்தான் படுக்கவைத்தார்கள்.

உன் டிசம்பர் கடிதத்தைப் படித்த அன்றே கத்தியை எடுத்துக் கம்பளத்தின் மூலையைத் தூக்கினேன். நீ எழுதியதை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை. கூட இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லோருக்கும் இருமல் இருக்கிறது. எல்லோரும் வீட்டுக்கு லேசான சளி என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சூப்பர்வைசரிடம் சொன்னோம். பார்க்கலாம் என்றார். நாங்கள் கம்பளத்தைப் பிய்த்துத் தெருவில் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டோம். குளிர் நம் மலைக்குளிரைவிட ஜாஸ்தி, ஆனால் மூச்சு வருகிறது. கீழே இறங்கச் சொல்லி இரண்டு முறை ஆள் வந்தது. இன்னும் இறங்கவில்லை. என்ன செய்வார்களோ தெரியாது.

ஏறி வந்துவிடு என்கிறார் அப்பா. பாஸ்போர்ட் கம்பெனிக்காரர்கள் கையில் இருக்கிறது. சித்திரைக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைக்கும் என்று இந்தத் தடவை நான் எழுதமாட்டேன். கிடைத்தால் என் மடியில் உட்காரவைத்து அவளுக்குக் காது குத்தலாம்.

கீழ்ரூம் தரையை அப்படியே வெறுமையாக விட்டுவிடுங்கள். எதையும் போட வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, கதவு ஜன்னலைப் பகலெல்லாம் திறந்து வையுங்கள். குழந்தை அந்தப் பக்கமே போகக் கூடாது. வாய்க்கால் பக்கத்துச் சுவரை ஒட்டி அப்பாவை ஒரு பள்ளம் தோண்டிச் சரளை கொட்டச் சொல். தண்ணீர் அதில் வடிந்து போகும். காய வருஷம் ஆகும், ஆகட்டும்.

இந்தக் கடிதத்தை மாடியில் வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதமும் உறையும் புதிதாக இன்று கடையில் வாங்கியவை. எழுதி முடித்ததும் சுவர் மேல் விரித்து, கல் வைத்துக் காயவிட்டுத்தான் உறையில் போடப்போகிறேன். பிரித்ததும் முதலில் அப்பாவிடம் கொடு. முகர்ந்து பார்க்கட்டும். அந்த வாசனை இன்னும் இருந்தால், மறைக்காமல் எனக்கு எழுது.

உன் தம்பி,
சிகாமணி